கடைமடைத் தண்ணீர்க் கணக்கு: கேள்வி பதில்

காவிரிப் படுகையில் வரும் ஆண்டுகளின் தண்ணீர்த் தேவையை எப்படிச் சமாளிப்பது என்று பலரும் கேட்டிருந்தீர்கள். பாசனப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

திருத்துறைப்பூண்டி விவசாயி: ஐயா, இன்னும் இருபது வருஷத்துக்கு டெல்டாவுக்குத் தண்ணீர் போதுமா?

நல்ல வருஷத்துக்குப் போதும். திட்டம் போட வேண்டியது மோசமான வருஷத்துக்கு. 2018-ல் உச்ச நீதிமன்றம், கர்நாடகத்திலிருந்து வரும் காவிரித் தண்ணீரை அளக்கும் எல்லையோர இடமான பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்குக் கிடைக்க வேண்டியது 177.25 டிஎம்சி என்றது. அது வழக்கமான மழை பெய்யும் ஆண்டின் கணக்கு, மழை குறைந்தால் நம் பங்கும் குறையும். 2024-ஐ நினைத்துப் பாருங்கள். வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறக்க வழியில்லை, ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். அதற்குள் குறுவை நெல்லுக்குப் பருவம் தப்பிவிட்டது. அடுத்த சில நாளில் அணை நிரம்பி, உபரி கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போனது. இரண்டே மாதத்தில் பஞ்சமும் வெள்ளமும். மேட்டூர் மட்டத்தை மட்டும் பார்த்துப் போடும் திட்டம் எனக்குத் திட்டமாகத் தோன்றவில்லை.

கல்லூரி மாணவர்: 1 டிஎம்சி என்றால் எவ்வளவு சார்?

நூறு கோடி கன அடி. லிட்டரில் சுமார் 2,830 கோடி. ஆற்றில் விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால் 1 டிஎம்சி.

வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு தாய்: எங்கள் வீட்டு போர் முன்னே இனித்தது. இப்போது உப்புக் கரிக்கிறது. இன்னும் ஆழமாகப் போட்டால் சரியாகுமா?

போடாதீர்கள் அம்மா. கடலோரத்தில் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்தபடி நிற்கிறது. நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும். இறைத்து இறைத்து மேலே அரை மீட்டர் குறைத்தால், கீழே உப்பு 20 மீட்டர் ஏறிவிடும். ஆழமாகப் போடும் குழாய் பல இடங்களில் நேராக உப்பில்தான் போய் நிற்கும். ஆழமில்லாத கிணற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள். கூரை மழையை அந்தக் கிணற்றுக்குப் பக்கத்திலேயே மண்ணுக்குள் விடுங்கள். குடிக்கவும் சமைக்கவும் கூட்டுக் குடிநீர்தான் நம்பகமானது. அந்தக் குடிநீரும் கொள்ளிடத்து மணலை நம்பித்தான் நிற்கிறது. அதனால்தான் அந்த மணலை அள்ளுகிறார்கள் என்று கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது.

கும்பகோணம் வாசகர்: இன்னொரு பெரிய அணை கட்டினால் தீராதா?

டெல்டா தட்டையான பூமி, பெரிய அணைக்கு இடமில்லை. கதவணைகள், ஏரி, குளம், இவைதான் நம் அணைகள்.

மன்னார்குடி விவசாயி: ஊருக்கெல்லாம் குடிநீர் போகிறது, எங்களை மட்டும் சிக்கனம் பிடிக்கச் சொல்கிறீர்களே?

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு போகம் நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால், ஏக்கருக்குச் சுமார் 48 லட்சம் லிட்டர். கிராமக் குடிநீருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது கணக்கு. அப்படியானால் ஒரு ஏக்கர் தண்ணீர் 240 பேருக்கு ஒரு வருஷம் வரும். அதனால் வயலில் மிச்சம் பிடிப்பதுதான் பெரிய மிச்சம்.

நம் பெரியவர்கள் சொன்ன காய்ச்சலும் பாய்ச்சலும்தான் வழி. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வயலில் பதியுங்கள். உள்ளே எட்டிப் பாருங்கள். தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி பாய்ச்சினால் போதும். மேலே மண் காய்ந்து லேசாக வெடித்திருக்கும், வேருக்கு ஈரம் இருக்கும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடாதீர்கள். இப்படி ஏக்கருக்கு 10 சென்டிமீட்டர் மிச்சமானாலும், ஒரு லட்சம் ஏக்கரில் சுமார் 1.4 டிஎம்சி. கிட்டத்தட்ட ஒரு வீராணம் ஏரி!

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்வேன். மிச்சமான தண்ணீர் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்குப் போய்ச் சேர வேண்டும். தலைமடைக்காரர் சிக்கனம் பிடித்து, வாய்க்கால் நடுவில் புதர் மண்டிக் கிடந்தால் யாருக்கு லாபம்? முறை வைத்து விடுவதும் தூர்வாருவதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

ஊராட்சித் தலைவர்: கிராமசபையில் முதலில் எதைப் பேசலாம் ஐயா?

உங்கள் ஊரின் தண்ணீர்க் கணக்கை. 3,000 பேர் என்றால் நாளுக்கு 1.65 லட்சம் லிட்டர். ஐந்து ஏக்கர் குளத்தில் 2 மீட்டர் தண்ணீர் நின்றால் 4 கோடி லிட்டர். ஆவியாவதும் கசிவதுமாகப் பாதி போனாலும், மீதி நான்கு மாதம் தாங்கும். குடிநீருக்கு அதைச் சுத்திகரிக்க வேண்டும், மற்றபடி குளிக்க, துவைக்க, மாடு கன்றுக்கு அப்படியே உதவும். நமக்கு மழை அக்டோபர், நவம்பர், டிசம்பரில்தான் கொட்டும். அதனால் செப்டம்பரிலேயே நாலு பேரோடு நடந்து போய், குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலை முழுக்கப் பார்த்துவிடுங்கள். எங்கே அடைத்திருக்கிறது, எங்கே வீட்டுச் சுவர் ஏறியிருக்கிறது என்று எழுதிக் கொண்டுவந்து கிராமசபையில் வாசியுங்கள்.