மகளுக்குச் சாயங்காலம் சுகர் 350: இன்சுலின் பம்ப் அலாரத்தை மட்டும் நம்பாதீங்க

அண்ணா, குளச்சலில் இருந்து நீங்க எழுதினதைப் படிச்சேன். மகளுக்கு இன்சுலின் பம்ப் போட்டு ரெண்டு மாசம், செட் (பம்பில் இருந்து தோலுக்கு மருந்து கொண்டுபோற டியூபும் ஒட்டும்) மாற்றின மறுநாளே சாயங்காலம் சுகர் 350, அலாரமும் அடிக்கல. மார்த்தாண்டத்துல எங்க பையனுக்கு நாலு வருஷமா பம்ப்தான், அதனால உங்க பதற்றம் எனக்குத் தெரியும்.

டியூபில் அடைப்பு வந்தா பம்ப் கத்தும். தோல் பக்கம் மருந்து கசிஞ்சா அதுக்குத் தெரியாது. ஒட்டு இருக்கிற இடத்தை மோந்து பாருங்க. ஈரமா இருந்து மருந்து வாசனை அடிச்சா கசிவுதான். ஒருநாள் நான் கழற்றிப் பார்த்தப்போ கேனுலா, அதாவது தோலுக்குள்ள போற மெல்லிய குழாய், தூண்டில் முள்ளு மாதிரி வளைஞ்சிருந்தது. அன்னைக்குக் காலையில தேங்காய் எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சிருந்தான், ஒட்டு பிடிக்கவே இல்ல. இப்போ செட் மாற்றும் நாளில் அந்த இடத்துல எண்ணெயே கிடையாது. சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் நல்லாக் காய்ஞ்ச பிறகுதான் ஒட்டுவோம்.

பம்பில் நீண்ட நேரம் வேலை செய்யுற இன்சுலின் இல்ல. ஓட்டம் நின்னா சில மணி நேரத்துல கீட்டோன் (இன்சுலின் இல்லாம உடம்பு கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்துல சேர்ற அமிலம்) ஏறிடும். சுகர் 250க்கு மேல போய், அதை இறக்கப் பம்பில் கொடுத்த திருத்த டோஸுக்கும் இறங்கலைன்னா கீட்டோன் பாருங்க. டாக்டர் எழுதித் தந்த அளவை இன்சுலின் பேனாவில் (கையால் ஊசி போடுற பேனா மாதிரி கருவி) போட்டுட்டு, செட்டை மாற்றிடுங்க. வாந்தியோ மூச்சு வாங்கலோ இருந்தா காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க.

பள்ளிக்கூடப் பையில ஒரு பேனாவும் ஊசியும் இருக்கட்டும். பையை வெயில்ல வைக்க வேண்டாம்னு டீச்சரிடமும் சொல்லிடுங்க.