அழைப்பிதழில் எந்தச் சொல்லைப் போடுவது? – கேள்வி பதில்

2007ஆம் ஆண்டிலிருந்து பெஸ்தாரி ஜெயா என்று பலகையில் எழுதப்பட்டிருந்தாலும், சுற்றியுள்ள தோட்டத்துக்காரர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே அழைக்கும் மலேசிய ஊரில், இருபத்தேழு ஆண்டுகளாக அழைப்பிதழும் நினைவஞ்சலி அட்டையும் அச்சிட்டு வருகிறேன். சடங்குச் சொற்களைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: மகள் பெரியவளாகியிருக்கிறாள். அட்டையில் "சடங்கு" என்று போட்டால் போதும் என்கிறார் மாமியார். "பூப்புனித நீராட்டு விழா" என்று போட வேண்டும் என்கிறார் கணவர். எது சரி, ஐயா?

பேச்சு வழக்கில் மாமியார் சொல்வது சரிதான். நம் தோட்டப்புறங்களில் "அடுத்த வாரம் சடங்கு" என்றால், எந்தச் சடங்கு என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் எழுத்தில் அச்சொல் எல்லா முறைமைகளையும் குறிக்கும் பொதுச்சொல். வேதத்தின் ஆறு அங்கங்களைச் சுட்டும் "ஷடங்கம்" என்பதே சடங்கு என்றானதாகச் சொல்வர். பெரியபுராணத்தில் சுந்தரருக்குப் பெண் கொடுக்க முன்வந்த புத்தூர்க்காரரின் பெயர் சடங்கவி சிவாசாரியார், அதாவது ஆறு அங்கங்களையும் அறிந்தவர். ஆகவே வெளியூர் உறவினருக்கும் அட்டை போகிறதென்றால் எந்தச் சடங்கு என்பதைச் சேர்த்து எழுதுங்கள். யாழ்ப்பாண வழியினர் இதையே சாமத்தியச் சடங்கு என்பார்கள். என் விருப்பம் "பூப்பு நன்னீராட்டு விழா". "புனித" என்று சேர்க்கும்போது, அதற்கு முன் பிள்ளை ஏதோ தூய்மையற்றிருந்தாள் என்ற பொருள் நிழலாடுகிறது. அது எனக்குப் பிடிப்பதில்லை.

தாய்மாமன் பெயரை மறந்துவிடாதீர்கள். சில மாதங்களுக்கு முன் ஒருவர் கடைக்கு வந்து மாதிரித் தாளை வாங்கிப் பார்த்தார். தம் பெயர் கடைசி வரியில் சிறிய எழுத்தில் இருப்பதைக் கண்டதும் ஒன்றும் பேசாமல் சிவப்புப் பேனாவை எடுத்து வட்டமிட்டு, மேல் வரிவரை ஓர் அம்புக்குறி இழுத்துவிட்டுப் போனார். பச்சை ஓலையில் குச்சு (சிறு குடில்) கட்டுவதும் முதல் சீர் கொண்டு வருவதும் அவர் உரிமை என்பதால், அந்த அம்புக்குறியில் நியாயம் இருந்தது.

கேள்வி: பரிசமும் நிச்சயதார்த்தமும் ஒன்றா?

இந்நாட்டில் இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்வதால் ஒன்றாகிவிட்டன. பொருளால் அவை வேறு. இரு வீட்டாரும் வெற்றிலை பாக்குத் தட்டு மாற்றி வாக்கை உறுதி செய்வது நிச்சயம். அதனால்தான் நிச்சயதாம்பூலம் என்ற பெயரும் உண்டு. பரிசம் என்பது மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குக் கொடுக்கும் சேலை, நகை, பணம். வரதட்சணை பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளையிடம் போகும். பரிசம் எதிர்த்திசையில் வரும். எனவே "பரிசம் போடுகிறோம்" என்று சொல்ல வேண்டியவர்கள் மாப்பிள்ளை வீட்டார். பெண் வீட்டார் தங்கள் அட்டையில் அப்படிப் போட்டுக்கொண்டு வந்தால், "யாருக்கு அம்மா போடுகிறீர்கள்?" என்று நான் கேட்பதுண்டு.

கேள்வி: நாங்கள் ரெஜிஸ்டர் செய்து ஆறு மாதமாகிறது. கோயிலில் தாலி கட்டும் நாளைத் "திருமணம்" என்று குறிப்பிடலாமா?

தாராளமாகக் குறிப்பிடலாம். 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபின் முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்றாகிவிட்டது. சட்டத்தின் கண்ணில் நீங்கள் அன்றே கணவன் மனைவி. ஆனால் சுற்றத்தார் முன் நடக்கும் முறைமைக்குத் தொல்காப்பியக் கற்பியல் "கரணம்" என்று பெயர் தருகிறது, கற்பு வாழ்க்கையையே அந்தக் கரணத்தோடு சேர்த்துத்தான் வரையறுக்கிறது. பெண்ணைப் பெற்றவர்கள் நீர் வார்த்துக் கைப்பிடித்துக் கொடுக்கும் "தாரை வார்த்தல்" பதிவு அலுவலகத்தில் நடப்பதில்லையே. (சொத்தை அநியாயமாக இழந்தவனைப் பற்றி "தாரை வார்த்துவிட்டான்" என்று பேசுகிறோம், மீட்க முடியாத கொடை என்ற பொருள் அதில் தங்கிவிட்டது.) மாலையில் மண்டபத்தில் வைக்கும் விருந்துக்கு மட்டும் "வரவேற்பு" என்று போடுங்கள்.

கேள்வி: வளைகாப்பு, சீமந்தம்?

சீமந்தம் என்றால் தலைவகிடு. கணவன் மனைவியின் வகிட்டை மேல்நோக்கி எடுத்துவிடும் வைதிகக் கிரியை அது. வளைகாப்பு பெண்கள் கூடி வளையல் அடுக்குவது. ஐயர் வராவிட்டால் வளைகாப்பு என்று மட்டும் போடுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுத் தமிழ் முஸ்லிம் குடும்பத்தார் "கந்தூரி" என்கிறார்கள், மலாய்க்காரர்கள் "கெண்டுரி" என்கிறார்கள். யார் யாரிடமிருந்து எடுத்தார்கள்?

இரண்டுக்கும் வேர் பாரசீகம். உணவு பரிமாற விரிக்கும் விரிப்பைக் குறித்த சொல், விருந்தையே குறிக்கலாயிற்று. நாகூர்க் கந்தூரி நம்மவர் அனைவருக்கும் தெரிந்ததே.

கேள்வி: அப்பா இறந்து பன்னிரண்டு நாளாகிறது. "கருமாதி", "கருமக்கிரியை", "திதி" மூன்றில் எதைப் போடுவது?

முதலில் என் அனுதாபங்கள். பதினாறாம் நாளுக்குக் "கருமக்கிரியை" என்று போடுங்கள். கருமமும் செயல், கிரியையும் செயல் என்பதால் இது "கேட்டுவாசல்" போன்ற இரட்டிப்புதான். ஆயினும் நாளிதழ் அறிவிப்புகளில் நிலைத்துவிட்ட சொல்லை நான் திருத்துவதில்லை. கருமாதி என்பதும் அதுவே, பேச்சுக்கு உரியது. இறந்த நாளையே முதல் நாளாக எண்ணுவது எங்கள் ஊர் வழக்கம். 3ஆம் தேதி இறந்தவருக்கு 18ஆம் தேதி பதினாறாம் நாள்.

திதி வேறு. அது வளர்பிறையில் பதினைந்தும் தேய்பிறையில் பதினைந்துமாக நிலவைக் கொண்டு எண்ணும் நாள். பன்னிரண்டு நிலாமாதம் ஏறக்குறைய 354 நாளில் முடிந்துவிடுவதால், அடுத்த ஆண்டு திதியும் தேதியும் ஒரே நாளில் வருவது அரிது. தேதிப்படி கூடுவதானால் "முதலாம் ஆண்டு நினைவு நாள்" என்று போடுங்கள்.

"கோடி" எடுத்து வர வேண்டும் என்று அட்டையில் குறிப்பிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கோடி என்றால் இன்னும் நீரில் நனைக்காத புதுத்துணி. மணப்பெண்ணுக்குக் கொடுப்பதும் கோடிதான், உங்கள் தாயாருக்கு அவர் பிறந்த வீட்டார் கொண்டு வருவதும் கோடிதான். அதை அச்சில் போடுவதில்லை. மாமாவிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள்.