'ஹேட்' எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்?

கேள்வி: 'ஐ ஹேட் சப்மிட்டட் தி ஃபார்ம் லாஸ்ட் மண்டே' என்று அலுவலக மின்னஞ்சல் ஒன்றில் எழுதியிருந்தேன். மேலாளர் 'ஹேட்' வேண்டாம் என்று அடித்துவிட்டார். முடிந்துபோன செயல்தானே அது? சிம்பிள் பாஸ்ட், பாஸ்ட் பெர்ஃபெக்ட் இரண்டில் எதை எங்கே எழுதுவது?

பதில்: மேலாளர் திருத்தியது சரி. முடிந்துபோன செயலைச் சொல்ல 'ஐ சப்மிட்டட் தி ஃபார்ம் லாஸ்ட் மண்டே' என்ற சிம்பிள் பாஸ்டே போதும். செயல் எவ்வளவு பழையது என்பதற்கும் 'ஹேட்'டுக்கும் தொடர்பே இல்லை. அசோகர் கலிங்கத்தில் போரிட்டதற்கும் சிம்பிள் பாஸ்ட்தான், இன்று காலை நீங்கள் காபி குடித்ததற்கும் அதேதான்.

'ஹேட்' வர, அதாவது பாஸ்ட் பெர்ஃபெக்ட் எழுத, இறந்த காலத்தில் இரண்டு நிகழ்வுகள் வேண்டும். பின்னால் நடந்ததில் நின்றுகொண்டு, அதற்கும் முன்பே முடிந்ததைத் திரும்பிப் பார்க்க வேண்டும். 'வென் தி ஆடிட்டர் கேம் ஆன் டியூஸ்டே, ஐ ஹேட் ஆல்ரெடி சப்மிட்டட் தி ஃபார்ம்' என்று எழுதியிருந்தால் மேலாளர் பேனாவை எடுத்திருக்க மாட்டார்.

நாம் இதில் இடறுவதற்குக் காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. 'எழுதியிருந்தேன்' என்கிறீர்கள். தமிழில் அது முற்றிலும் இயல்பு. 'நேற்று மெயில் அனுப்பியிருந்தேன்' என்றால், பதில் வரவில்லையே என்ற பணிவான நினைவூட்டலும் அதில் அடங்கிவிடும். அதை அப்படியே 'ஹேட் சென்ட்' ஆக்கிவிடுகிறோம். இந்திய அலுவலகங்களுக்குள் இது ஓடிவிடும். லண்டனில் இருப்பவர் படித்தால், 'எதற்கு முன்பு?' என்று வாக்கியத்தின் மீதியைத் தேடுவார்.

பள்ளியில் பலரும் மனப்பாடம் செய்த வாக்கியம் ஒன்று உண்டு: 'தி பேஷன்ட் ஹேட் டைட் பிஃபோர் தி டாக்டர் கேம்.' எத்தனை தலைமுறையாக அந்த டாக்டர் தாமதமாக வந்துகொண்டிருக்கிறார்! வாக்கியம் சரிதான். ஆனால் 'பிஃபோர்', 'ஆஃப்டர்' இருந்தாலே எது முந்தியது என்பது தெரிந்துவிடுவதால், அங்கே வெறும் 'டைட்' என்று எழுதினாலும் பிழையில்லை.

'வென்' வரும் இடத்தில்தான் உண்மையான கவனம் தேவை. 'வென் வி ரீச்டு தி ஸ்டேஷன், தி டிரெயின் லெஃப்ட்' என்றால், நாங்கள் போய்ச் சேர்ந்த நேரத்தில் ரயில் கிளம்பியது. ஓடிப்போய் ஏறியிருக்கவும் கூடும். 'ஹேட் லெஃப்ட்' என்றால் நடைமேடை காலி, ரயில் முன்பே போய்விட்டது.

நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லும்போது 'ஹேட்' வேண்டாம். கதவைத் திறந்தேன், விளக்கைப் போட்டேன், உட்கார்ந்தேன் என்பதற்கு வரிசையாக சிம்பிள் பாஸ்ட் போதும். இடையில் பழைய கதைக்குப் போனால், முதல் ஓரிரு வாக்கியங்களில் 'ஹேட்' போட்டுவிட்டு சிம்பிள் பாஸ்டுக்குத் திரும்பிவிடலாம். வாக்கியத்துக்கு வாக்கியம் 'ஹேட்' வந்தால் படிக்கிறவருக்கு மூச்சு முட்டும்.

'தெரிந்திருந்தால் வந்திருப்பேன்' என்ற வகை தனி. 'இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்' என்பதில் 'ஹேட்' கட்டாயம்.

உங்கள் மின்னஞ்சலில் பணிவும் வேண்டுமென்றால் அதை இரண்டாம் வாக்கியத்துக்குக் கொண்டுபோங்கள்: 'ஐ சப்மிட்டட் தி ஃபார்ம் லாஸ்ட் மண்டே. குட் யூ ப்ளீஸ் செக்?'