இரண்டரை வயசு மகன் கதைக்கிறானில்லை எண்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, மகன் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்கிறானில்லை, மாமி "ஆம்பிளைப் பிள்ளையள் பிந்தித்தான் கதைப்பினம்" எண்டு கிளினிக்குக்குப் போக விடுறா இல்லை எண்டு எழுதியிருக்கிறீங்கள். தயவுசெய்து போங்கோ. பிந்திக் கதைக்கிற பிள்ளையள் இருக்கினம்தான். ஆனா அதுகள் வேணுமெண்டதை விரலால காட்டும், கூப்பிட்டா முகத்தைப் பாக்கும். அதுவும் இல்லையெண்டா ஓட்டிசமா (மற்றவையோட பழகிறதும் கதைக்கிறதும் வேற மாதிரி வளருற நிலை) எண்டு பாக்கவேணும், காத்துக்கொண்டு இருக்கக்கூடாது.

முதல்ல உங்கட பகுதி மிட்வைஃபிட்டைச் சொல்லுங்கோ. காதையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கோ, காது கேளாட்டியும் பிள்ளை திரும்பாது. ஓட்டிசத்தைக் கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனையோ ஸ்கானோ இல்லை. விளையாடவிட்டுப் பாப்பினம், உங்களிட்டை நிறையக் கேப்பினம். எங்கட மகளுக்கு யாழ்ப்பாணத்தில பாக்கேக்க, டொக்டர் ஒரு விளையாட்டுக் காரை அவவிட்டை உருட்டிவிட்டார். அவ அதைத் திருப்பி உருட்டேல்லை, கவிட்டு வைச்சுச் சில்லைச் சுத்திக்கொண்டே இருந்தா. அதைத்தான் அவர் கனநேரம் பாத்தவர்.

புது இடத்தில பிள்ளையள் வேற மாதிரி நடக்குங்கள். அதால வீட்டில சாப்பிடுறதையும் விளையாடுறதையும் ஃபோனில எடுத்துக்கொண்டு போங்கோ. வளர்ச்சிப் பதிவேடும் கட்டாயம்.

நீங்கள் வளர்த்த விதத்தால வந்ததெண்டு ஆர் சொன்னாலும் நம்பாதேங்கோ, அது பச்சைப் பொய். ஏலுமெண்டா மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கோ, டொக்டர் சொன்னா கேப்பா. முடிவு வர முந்தியே பேச்சுப் பயிற்சி தொடங்கலாம், அதையும் அங்கயே கேட்டு வாங்கோ.