இயேசு நிஜமா வாழ்ந்தாரா, திரித்துவம் நைசியாவுல ஓட்டு போட்டு முடிவு பண்ணதா?

ஒரே கேள்வியா கேட்டுட்டீங்க, ஆனா இது ரெண்டு கேள்வி: இயேசுன்னு ஒரு ஆள் இருந்தாரா, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூணும் ஒரே கடவுள்ங்கற திரித்துவக் கோட்பாடு எப்படி வந்துச்சு.

ஆள் இருந்தார்னுதான் நான் நினைக்கிறேன். சர்ச்சுக்கு போறத விட்டு பல வருஷம் ஆச்சு, அதனால விசுவாசத்துல சொல்றேன்னு நினைக்க வேணாம். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் இயேசு பத்தி எழுதிருக்காரேன்னு எல்லாரும் காட்டுவாங்க, அந்த பத்தியில "அவரே கிறிஸ்து"ன்னு வருது, கடைசிவரை யூதராவே இருந்த மனுசன் அப்படி எழுதிருப்பாரா, பின்னாடி காப்பி எடுத்தவங்க அதுல கை வச்சிருக்காங்கன்னு பெரும்பாலான ஆய்வாளர்களே சொல்றாங்க. எனக்கு வலுவா படறது, ஆரம்ப காலத்துலயே கிறிஸ்தவத்த பரப்பின பவுல் கலாத்தியருக்கு எழுதின கடிதம், அது பைபிள்லயே இருக்கு. எருசலேம் போய் இயேசுவோட சீஷன் பேதுருகிட்ட 15 நாள் தங்கினேன், கர்த்தரோட சகோதரன் யாக்கோபையும் பாத்தேன்னு சொல்றார். இயேசு இருந்தார்னு நிரூபிக்க சொன்னதில்ல, நான் யார்கிட்டயும் கத்துக்கிட்டு வரலன்னு சண்ட போடறப்ப வாயில வந்து விழுந்தது. (கூடப்பிறந்த தம்பியா, பெரியம்மா பையனாங்கற தகராறு தனி.) கட்டுக்கதை ஆளுக்கு தம்பி இருந்து, அதே கடிதத்துல வர்ற மாதிரி அந்த தம்பி அனுப்பின ஆளுங்களால பவுலுக்கு தலவலி வேற வருமா?

கோட்பாடு கத வேற. 325ல நைசியாவுல கூடின பிஷப்புங்க மாநாட்டுல ஓட்டு போட்டு இயேசுவ கடவுளாக்கிட்டாங்கன்னு வாட்ஸப்ல சுத்துறது அரைகுறை. அதுக்கு 200 வருஷம் முன்னாடியே, கிறிஸ்துவ கடவுள் மாதிரி பாடுறாங்கன்னு ரோமானிய கவர்னர் பிளினி பேரரசருக்கு எழுதிட்டார். நைசியாவுல நடந்த சண்ட, குமாரன், அதாவது கிறிஸ்து, படைக்கப்பட்டவர்னு சொன்ன பாதிரியார் ஆரியஸோட. எந்தெந்த புத்தகம் பைபிள்ல வரணும்னு அங்க முடிவு பண்ணவும் இல்ல, புதிய ஏற்பாட்டோட 27 புத்தகமும் சரியா ஒரு பட்டியல்ல வர்றது 367ல அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியஸ் எழுதின கடிதத்துலதான். விசுவாச அறிக்கைல பரிசுத்த ஆவி பத்தின விவரமான வரிகள் 381ல கான்ஸ்டான்டிநோபிள்ல கூடின இன்னொரு மாநாட்டுலதான் சேந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா, ஒவ்வொரு சண்டைலயும் ஒரு வரியா வளந்தது.

நம்ம கையிலயே இதோட தடயம் இருக்கு. பழைய தமிழ் பைபிள்ல 1 யோவான் 5:7 எடுங்க. பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி, "இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்"னு இருக்கும். பழைய கிரேக்க கையெழுத்து பிரதி எதுலயும் இந்த வரி கிடையாது. டச்சு அறிஞர் எராஸ்மஸ் 1516ல அச்சடிச்ச கிரேக்க பதிப்புல இத போடல, திட்டு வாங்கினார், 1522ல மூணாவது பதிப்புல சேத்துட்டார், அங்கருந்து நம்ம ஊர் வரைக்கும் வந்துடுச்சு. கத்தோலிக்கங்க பயன்படுத்துற புது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்துல பாத்தா அந்த வரியே இருக்காது.

ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அம்மாகிட்ட காட்டினேன். கண்ணாடி போட்டுட்டு ரெண்டு தடவ படிச்சாங்க. "கத்தோலிக்கங்க எடுத்துட்டாங்க போல"ன்னு மூடி வச்சுட்டாங்க. அந்த வரி உள்ள வந்ததே அவங்களோட லத்தீன் பிரதி வழியாதான்னு சொல்றதுக்குள்ள குக்கர் விசில் அடிச்சிருச்சு, எந்திரிச்சு போயிட்டாங்க.