ஒரே பாதுகாப்பு நிலையில் இருக்கும் தாவரத்துக்கும் பறவைக்கும் ஆபத்து ஒன்றுதானா?

உயிரினங்களின் அழிவு ஆபத்தை வகைப்படுத்தும் சிவப்புப் பட்டியலில் ஒரு தாவரமும் ஒரு பறவையும் ஒரே நிலையில் இருந்தால் இரண்டுக்கும் ஆபத்து ஒரே அளவுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்பதுதான் என் பதில்.

அந்தப் பட்டியலை வெளியிடும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன்னின் அளவுகோல், நுண்ணுயிர்கள் தவிர எல்லா உயிர்களுக்கும் பொது. எண்ணிக்கை சரிந்ததைக்கூட பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, எது நீளமோ அந்தக் கணக்கில்தான் பார்ப்பார்கள். அதனால் மரத்தையும் பறவையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் திரும்பி வர வழி இருக்கிறதா என்பதை அந்த நிலை சொல்லாது.

ஸ்பிக்ஸ் மக்காவ் என்ற நீலக் கிளியையும் என்செபலார்டோஸ் வூடி என்ற மரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் 'இயலிடத்தில் அற்றுவிட்ட இனம்', அதாவது இயற்கையில் இல்லாமல் மனிதர் வளர்ப்பில் மட்டும் மிஞ்சியிருப்பது என்றே வகைப்படுத்தினார்கள்.

கிளி பிரேசிலின் வறண்ட காட்டிங்கா நிலத்தில், ஓடைக்கரை மரப்பொந்துகளில் வாழ்ந்தது. காடு அழிந்தது, குஞ்சுகளைப் பிடித்து விற்றார்கள். 1990இல் தேடிப் போனபோது மிஞ்சியிருந்தது ஒரே ஓர் ஆண். அது வேறு இன மக்காவ் பெண் ஒன்றோடு ஜோடி சேர்ந்து பறந்துகொண்டிருந்தது. இதைப் படித்த அன்று எனக்கு அடுத்த பக்கத்துக்குப் போக மனம் வரவில்லை. 2000க்கு அப்புறம் அதையும் காணோம். ஆனால் கூண்டுகளில் ஆணும் பெண்ணும் இருந்தன. அவற்றின் வாரிசுகளை 2022இல் காட்டில் விட்டார்கள், மறு ஆண்டே அங்கே குஞ்சு பொரித்தது.

மரத்தின் கதை வேறு. பார்க்கப் பனை மாதிரி இருக்கும், பூக்காது, கூம்பு விடும். ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. தாவரவியலாளர் ஜான் மெட்லி வூட் 1895இல் தென்னாப்பிரிக்காவின் ங்கோயே காட்டில் கண்டது ஒரே கொத்து, அதுவும் ஆண். 1916இல் காட்டில் மிஞ்சிய தண்டையும் பெயர்த்து எடுத்துப் போனார்கள். இன்று தாவரவியல் பூங்காக்களில் நிற்பவை எல்லாம் அந்த ஒரே கொத்தின் தண்டுகளும் பக்கக்கன்று வழி வந்தவையும்தான். முழங்கை நீளத்துக்குச் செம்மஞ்சள் கூம்பு விட்டு மகரந்தம் உதிர்க்கும். அதை ஏற்க ஒரு பெண் கூம்பு உலகில் எங்கும் இதுவரை கிடைக்கவில்லை. நெருங்கிய இனத்தோடு கலந்து விதை எடுக்கிறார்கள், ஆனால் முளைப்பது கலப்பினம்தான்.

கன்று பிரித்து நட்டால் போதும், மரத்தைச் சாகவிடாமல் காப்பது கிளியைக் காப்பதைவிடச் சுலபம். இருந்தாலும் மரத்தின் நிலைதான் மோசம் என்பேன். பெண் மரம் எங்காவது மறைந்து நிற்கிறதா என்று ங்கோயே காட்டை டிரோன் வைத்துப் படமெடுத்துத் தேடுகிறார்கள்.