உங்கள் பெயரில் இன்னொருவர் ‘சாப்பிட்டேன்’ என்று எழுத வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 31. கலிஃபோர்னியாவில் மென்பொருள் பணியில் இருக்கிறேன். வரும் ஏப்ரலில் ஆறு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு, பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் என்னும் நெடும்பாதையின் பாலைவனப் பகுதியை, மெக்சிகோ எல்லையில் உள்ள கேம்போவிலிருந்து கென்னடி மெடோஸ் வரை, சுமார் 700 மைல் தனியாக நடக்கப் போகிறேன். அனுமதிச் சீட்டும் கிடைத்துவிட்டது. பாம்பு கடித்தால் என்ன செய்வது? வழியில் தன்னார்வலர்கள் வைக்கும் தண்ணீரை நம்பலாமா? கைப்பேசிக்கு சோலார் சார்ஜர் வாங்குவது பயன் தருமா? தனியாகப் போவது பைத்தியக்காரத்தனம் என்று சொல்லும் நண்பர்களுக்கு என்ன பதில் சொல்வது? அம்மா கரூரில் தனியாக இருக்கிறார். அப்பா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அம்மா கவலைப்படக் கூடாது என்பதற்காக, வேலை நெருக்கடியால் ஆறு வாரம் பேச முடியாது, செய்தி மட்டும் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு, என் வாட்ஸ்அப்பை அறை நண்பனிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். தினமும் ‘சாப்பிட்டேன்’, ‘தூங்கப் போகிறேன்’ என்று அவன் அனுப்பிவிடுவான். அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

பதில்:

தம்பி, நீங்கள் எழுதிய முழுக் கடிதம் மூன்று பக்கம். காலணி, கூடாரம், தண்ணீர் வடிகட்டி, முதுகுப்பையின் எடை என்று எல்லாவற்றையும் கிராம் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு நான்கைந்து வரிகள்தான் கிடைத்திருக்கின்றன, அவற்றில் கடைசி வரி ‘அந்தப் பிரச்சினை தீர்ந்தது’ என்பது. அந்த வரியைத் தாண்டி என்னால் உங்கள் மற்றக் கேள்விகளுக்குப் போக முடியவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடமிருந்து இந்தப் பகுதிக்கு ஆண்டு முழுவதும் கடிதம் வருகிறது. வேலை போனதை மறைத்தவர், அறுவை சிகிச்சையை மறைத்தவர், மணமுறிவை ஒன்றரை ஆண்டு மறைத்தவர் எல்லாரும் ‘அவர்கள் கவலைப்படக் கூடாதே என்றுதான்’ என்ற ஒரே காரணத்தைச் சொல்கிறார்கள். தொடக்கத்தில் நான் அதை நம்பியதுண்டு, இப்போது நம்புவதில்லை. தொலைபேசியின் மறுமுனையில் அம்மா அழுதால் அதைக் கேட்கும் தெம்பு நமக்கு இல்லை என்பதே பெரும்பாலும் உண்மைக் காரணம். நீங்கள் அவர்களையெல்லாம் தாண்டி ஒரு படி மேலே போயிருக்கிறீர்கள். அவர்கள் ஒரு செய்தியை மறைத்தார்கள். நீங்களோ, நீங்கள் உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க ஓர் ஆளை நியமித்திருக்கிறீர்கள்.

ஒன்பதாம் நாள் மலைச்சரிவில் கால் முறிந்து கிடக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் நாள் காலை கரூரில் உங்கள் அம்மாவின் கைப்பேசியில் ‘சாப்பிட்டேன்’ என்று வரும். பதினோராம் நாளும் வரும். நண்பருக்கும் சந்தேகம் வராது. பாலைவனத்தில் சிக்னல் இல்லை, அதனால் பேசவில்லை என்று எண்ணிக்கொண்டு, நீங்கள் சொன்னபடி கடமையாக அனுப்பிக்கொண்டிருப்பார். அந்த நண்பரின் நிலையையாவது யோசித்தீர்களா? ஏதாவது நடந்துவிட்டால், தான் பொய்யாக அனுப்பிய அத்தனை செய்திகளையும் ஒரு தாய் மறுபடி மறுபடி எடுத்துப் படிப்பார் என்ற நினைப்போடு அவர் வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டும்.

நீங்கள் நடக்கப்போகும் அதே பாதையில் 2005ஆம் ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற சமூகநலப் பணியாளர் ஒருவர், அறுபது வயதை ஒட்டியவர், மே மாத முதல் நாட்களில் சான் ஹசிந்தோ மலையில் பனிப்புயலில் வழி தவறி, ஏறவும் முடியாத, இறங்கவும் முடியாத ஒரு பள்ளத்தாக்கில் சிக்கிக்கொண்டார். அவருக்குத் திருமணம் ஆகவில்லை. அன்றாடம் அவர் குரலை எதிர்பார்த்துக் காத்திருப்பவர் யாருமில்லை. அதனால் அவரைக் காணவில்லை என்பது உடனே யாருக்கும் தெரியவில்லை, தேடத் தொடங்கியபோது காலம் கடந்துவிட்டிருந்தது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2006 மே மாதம், அதே மலையில் வழி தவறி மூன்று இரவுகள் தவித்த ஓர் ஆணும் பெண்ணும் அவருடைய பையைக் கண்டெடுத்தார்கள். அதில் அவர் எழுதிய கடைசிக் குறிப்புகளும் தீக்குச்சிகளும் இருந்தன. அந்தத் தீக்குச்சிகளால் மூட்டிய நெருப்பைப் பார்த்துத்தான் ஹெலிகாப்டர் வந்து அவர்கள் இருவரையும் மீட்டது. அவர்களால் உயிர் பிழைக்க முடிந்தது. அந்த மனிதரின் உடல் அதற்குப் பிறகே கிடைத்தது.

அவருக்குத் தேட ஆளில்லை என்பது அவர் செய்த குற்றமன்று. உங்களுக்கோ, ஒரு நாள் செய்தி வராவிட்டால் மறுநாளே ஊரைக் கூட்டக்கூடிய ஒருவர் இருக்கிறார். அவர் வாயை நீங்களே அடைக்கிறீர்கள்.

இது வெறும் பாசத்தைப் பற்றிய பேச்சு என்று எண்ணிவிடாதீர்கள். பாலைவனத்தில் ஆள் எப்படிச் சாகிறான் என்பதோடு நேரடியாகத் தொடர்புடையது. பாம்பைப் பற்றி நீங்கள் ஒரு முழுப் பத்தி எழுதியிருக்கிறீர்கள். அங்குள்ள கிலுகிலுப்பைப் பாம்பு பெரும்பாலும் வாலை ஆட்டி எச்சரிக்கும்; விலகிப் போனால் அதுவும் போய்விடும். கடித்துவிட்டால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, விரைவில் மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டும். பாம்புக்கு இவ்வளவு போதும். நீங்கள் அஞ்ச வேண்டியது வெயிலுக்கு. கேம்போவிலிருந்து முதல் 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர், மொரேனா ஏரி வரும்வரை நம்பத்தக்க தண்ணீர் இல்லை. நடுவில் உள்ள ஹவுசர் ஓடை பெரும்பாலும் வறண்டே கிடக்கும். அந்தப் பள்ளத்தாக்கில் இறங்கிய பிறகு, பிற்பகல் வெயிலில் ஏறத்தாழ ஆயிரம் அடி ஏற வேண்டும். முதல் நாளிலேயே, உடல் இன்னும் பழகாத நிலையில், பலர் நிலைகுலைவது இந்த ஏற்றத்தில்தான். வெப்பம் உடலைத் தாக்கும்போது முதலில் கெடுவது புத்தி. தலைவலி, குமட்டல் என்று தொடங்கி, குழப்பம் வந்துவிட்டால், நிழலில் உட்கார வேண்டும் என்பதுகூட அந்த ஆளுக்குத் தோன்றாது. உப்பில்லாமல் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தாலும் இதே போன்ற குழப்பம் வரும். தன் ஆபத்தைத் தானே உணர முடியாத நிலை அது. அந்த நேரத்தில் உங்களுக்காக யோசிக்க வேறொருவர் இருந்தாக வேண்டும்.

கைப்பேசி சிக்னல் இல்லாத இடத்திலிருந்தும் செய்தி அனுப்பும் செயற்கைக்கோள் கருவி வாங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது, கட்டாயம் வேண்டும். ஆனால் உதவி கேட்கும் பொத்தானை அழுத்த நினைவுள்ள ஒரு மனிதனின் விரல் வேண்டும். நினைவிழந்து கிடப்பவனுக்கு அந்தக் கருவி வெறும் நூறு கிராம் சுமைதான். அவனை மீட்கப் புறப்படுபவர்கள் மாவட்டக் காவல் தலைவரான ஷெரிஃபின் கீழ் இயங்கும் தேடுதல் குழுவினர். அவர்களில் பெரும்பாலோர் ஊதியம் வாங்காத தன்னார்வலர்கள். அவர்களும், ‘இந்த ஆள் இன்ன தேதிக்குள் இன்ன ஊருக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை’ என்று யாராவது சொன்னால்தான் புறப்பட முடியும்.

என் மகள் சான் டியாகோவில் குடியிருந்தபோது சில மாதங்கள் நானும் அங்கே தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், மார்ச் முதல் மே வரை நடையர்களைத் தம் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கேம்போவில் விடுவார். ஒருநாள் என்னையும் அழைத்துப் போனார். எல்லைச் சுவருக்கு அருகில், உயரம் குறைந்தும் கூடியும் நிற்கும் ஐந்து மரத்தூண்கள். அதுதான் 2,650 மைல் பாதையின் தெற்கு முனை. அங்கே இறங்கிய ஒவ்வொருவரிடமும் அவர், ‘அடுத்த ஊருக்கு எப்போது போய்ச் சேர்வாய்? சேராவிட்டால் யார் என்னை அழைப்பார்கள்?’ என்று கேட்டு, பதிலை ஒரு சிறு நோட்டில் எழுதிக்கொண்டார். ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஒரு பெண் தன் தாயின் எண்ணைச் சொன்னதை நான் கேட்டேன். உங்களிடம் அவர் கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

அந்தப் பாதையின் மனிதர்களை நான் மிகவும் மதிக்கிறேன். இப்படி உதவுபவர்களை டிரெயில் ஏஞ்சல் என்று அங்கே அழைக்கிறார்கள். முன்பின் தெரியாதவர்களுக்கு வீட்டில் இடம் கொடுக்கிறார்கள், சாலை ஓரத்தில் காத்திருந்து ஊருக்குள் கொண்டு விடுகிறார்கள். எந்த ஊற்றில் நீர் ஓடுகிறது, எது வற்றியது என்பதை நடப்பவர்கள் ஒருவருக்கொருவர் எழுதி அறிவிக்கிறார்கள். 700 மைல் முடிந்து கென்னடி மெடோஸ் கடைக்குள் நுழைபவருக்கு, முன்னரே வந்து சேர்ந்தவர்கள் எழுந்து கைதட்டுகிறார்கள். கேம்போ பக்கத்திலிருந்து வடக்கே புறப்பட ஒரு நாளைக்கு 50 பேருக்கு நீண்ட நடை அனுமதி தரப்படுவதால், நீங்கள் நினைக்கிற அளவுக்குத் தனிமையும் இராது. சிசர்ஸ் கிராஸிங் என்னும் இடத்திலிருந்து பேரல் ஸ்பிரிங் ஊற்று வரை 24 மைல் வறண்ட மலைப்பக்கம். அதன் நடுவில் ‘மூன்றாம் கேட்’ என்று சொல்லப்படும் இடத்தில் தன்னார்வலர்கள் தண்ணீர்க் கலன்களைக் கொண்டு வந்து வைக்கிறார்கள். அதை நம்பலாமா என்ற கேள்விக்குப் பதில், நம்பக் கூடாது என்பதே; பாதையைப் பராமரிக்கும் சங்கமும் அதையே வலியுறுத்துகிறது. அந்தத் தண்ணீர் இருந்தால் நன்றியோடு கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டாலும் ஊற்று வரை போய்ச் சேரும் அளவுக்கு உங்கள் முதுகில் இருக்கட்டும்.

ஆனால் ஒன்று எனக்கு விளங்கவில்லை. பெயர் தெரியாத ஒருவர் உங்களைப் பற்றிக் கவலைப்பட்டுச் சுமந்து வந்து வைக்கும் தண்ணீரை ஏற்க நீங்கள் ஆயத்தமாக இருக்கிறீர்கள். உங்களைப் பெற்றவர் கவலைப்பட்டால் மட்டும் அது தீர்க்க வேண்டிய ‘பிரச்சினை’ ஆகிவிடுகிறது. கணவரை இழந்து இரண்டு ஆண்டுகளாகத் தனி வீட்டில் இருக்கும் அந்தப் பெண்ணை, மகன் ஆறு வாரம் நடக்கிறான் என்ற செய்தியைக்கூடத் தாங்க மாட்டாதவர் என்று நீங்கள் முடிவு செய்தது எதைக் கொண்டு? சாவு வீட்டை அவர் தாங்கினாரே. காரியம் முடிந்த பிறகு நீங்கள் கலிஃபோர்னியாவுக்கு விமானம் ஏறியதையும் தாங்கினார். பிள்ளைக்காகக் கவலைப்படுவது தாய்க்கு உரிய பங்கு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தப் பங்கைப் பறித்துக்கொண்டு, பதிலுக்கு ஒரு நண்பன் தட்டிவிடும் ‘சாப்பிட்டேன்’ என்ற சொல்லைக் கொடுப்பதற்கு எந்தப் பிள்ளைக்கும் உரிமை இல்லை. ‘சாப்பிட்டாயா’ என்பது நம் வீடுகளில் சோற்றைப் பற்றிய கேள்வி மட்டுமா, தம்பி? அதற்கு வாடகைக்கு ஆள் வைத்துப் பதில் சொல்லலாமா?

31 வயதில் நீங்கள் அம்மாவிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தகவல் சொல்லியே ஆக வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமையே அழைத்துச் சொல்லுங்கள், வீடியோ அழைப்பாக இருக்கட்டும். அவர் அழுவார், கோபப்படுவார், இறந்த அப்பாவை இழுத்துப் பேசுவார். குறுக்கே பேசாமல் முழுவதையும் கேளுங்கள். பிறகு வழியை விளக்குங்கள்: மவுண்ட் லகுனா, வார்னர் ஸ்பிரிங்ஸ், ஐடில்வைல்ட், பிக் பேர், ரைட்வுட், டெஹாசாப்பி என்று எந்த ஊரில் எந்த நாள் இருப்பீர்கள் என்பதை அவரையே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஏப்ரலில் கலிஃபோர்னியாவுக்கும் நமக்கும் பன்னிரண்டரை மணி நேர வேறுபாடு; நீங்கள் மாலை ஏழரைக்குக் கூடாரம் அடிக்கும்போது கரூரில் காலை எட்டு மணி. உங்கள் கருவியிலிருந்து நாளுக்கொரு செய்தி, அந்த நேரத்தில், உங்கள் கையால் அம்மாவுக்குப் போகட்டும். அறை நண்பருக்கு உண்மையான வேலை கொடுங்கள்: பயண அட்டவணையின் நகலும் ஷெரிஃப் அலுவலக எண்களும் அவரிடம் இருக்கட்டும், அம்மாவின் எண் அவரிடமும் அவர் எண் அம்மாவிடமும் இருக்கட்டும், நீங்கள் ஓர் ஊருக்குச் சேர வேண்டிய நாளுக்கு மறுநாள் மாலை வரை செய்தி இல்லையென்றால் அவர் தயங்காமல் ஷெரிஃப் அலுவலகத்தை அழைக்க வேண்டும். கருவி பழுதாகி வீண் பதற்றம் ஆனாலும் ஆகட்டும், அதற்காகப் பின்னால் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

நண்பர்கள் பைத்தியக்காரத்தனம் என்று சொல்வதற்குப் பதில் ஒன்றும் தேவையில்லை. நான் அப்படி நினைக்கவுமில்லை. விடியும் முன் புறப்பட்டு, பதினொரு மணிக்குள் நிழல் தேடி உட்கார்ந்து, வெயில் தாழ்ந்த பிறகு மறுபடி நடப்பவனுக்கு அந்தப் பாலைவனம் இடம் கொடுக்கும். சான் ஹசிந்தோ மலையில் ஏப்ரலிலும் பனிக்கட்டி இருக்கலாம். அங்கே சரிவில் வழுக்கி இறந்தவர்களும் உண்டு. ஐடில்வைல்டில் விசாரித்து, நிலைமை சரியில்லை என்றால் அந்தத் துண்டை விட்டுவிட்டுக் கீழ்ப்பாதையில் போங்கள். அதனால் எந்தக் கௌரவமும் குறைந்துவிடாது.

சோலார் சார்ஜரைப் பற்றிய கேள்விக்கு இப்போது பதில் சொல்ல மாட்டேன். அம்மாவிடம் பேசிவிட்டு எழுதுங்கள். அவர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.